ஆகாயக் கப்பலுக்குச் சுக்கான் பூட்டினது

என்ரை மனுசன் மலாயாவிலையிருந்து திரும்பி வரேக்கை, மற்றப் பெண்டுகளின்ரை மனுசன்மார் கொண்டு வாற பட்டுச் சீலை, பீங்கான் கோப்பை ஒண்டும் கொண்டு வரேல்லை. வண்டில் நிறைய மரப்பெட்டி வந்தது. "இதுக்குள்ளை என்ன?" எண்டு கேட்டன். "ஒரு ஏறோப்பிளேன்" எண்டார். அரைக் கொத்து மிளகு வாங்கிக்கொண்டு வந்தவர் சொல்லுற மாதிரிச் சொன்னார். நான் பெட்டியளைச் சுத்திவரப் பாத்திட்டு, ஏறோப்பிளேன் மாதிரி இல்லையே எண்டன். "துண்டு துண்டாத்தான் வரும். நாங்கள்தான் பூட்ட வேணும்" எண்டார். அந்த "நாங்கள்" எனக்கு அப்பவே பிடிக்கேல்லை.

இது ரெண்டாவது உலகச் சண்டை துவங்க முந்தின காலம். இவர் மலாயாவிலை ரெயில் பட்டறையிலை வேலை செய்தவர். லீவு நாளிலை, வெள்ளைக்காரர் பறக்கப் பழகிற இடத்துக்குப் போய் அவையின்ரை எஞ்சினைத் துடைச்சுக் குடுப்பாராம். துடைச்ச கூலிக்குத் தானும் ஏறிப் பழகியிருக்கிறார். கலியாணம் பேசேக்கை ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாம். குடிக்கிறாரோ, சீட்டு விளையாடுறாரோ எண்டு என்ரை அண்ணை ஊரெல்லாம் விசாரிச்சவர். பறக்கிறாரோ எண்டு கேக்க அவருக்குத் தோன்றேல்லை.

அண்ணை வல்வெட்டித்துறையிலை கப்பல் கட்டிற ஓடாவி. கடற்கரையிலை அவரின்ரை கொட்டில் ஒரு பெரிய தோணி முழுசா நிக்கக் கூடின கொட்டில். அந்த வருசம் அதுக்குள்ளை தோணி ஒண்டும் இல்லை. அதாலை பெட்டியள் அங்கை போச்சுது. அண்ணை முதல் நாள் பெட்டியைத் திறந்து, ஒரு மரச்சட்டத்தை எடுத்து, விரலாலை தட்டிப் பாத்திட்டு, "இதிலை பட்டம்தான் கட்டலாம்" எண்டார். அடுத்த நாள் விடிய என்ரை மனுசன் போக முந்தி அண்ணை போய், உளியெல்லாம் தீட்டி வைச்சுக்கொண்டு இருந்தவர். அவருக்கு மரத்தைக் கண்டால் கை சும்மா கிடவாது.

ஊருக்கு அரசாங்கத்தின்ரை ஆளாயிருக்கிற விதானையார் ஒருநாள் வந்து பாத்தார். "உது வாகனமோ, வள்ளமோ?" எண்டு கேட்டார். அண்ணை யோசிச்சிட்டு "சுக்கான் இருக்கு" எண்டார். வள்ளம் எண்டால் தன்ரை சோலி இல்லை எண்டு விதானையார் ஒரு இளநியைக் குடிச்சிட்டுப் போயிட்டார். அரசாங்கம் எங்களைக் கேட்ட கேள்வி அவ்வளவும்தான்.

உடம்பு கட்டி முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் செட்டையள், அதுதான் சிறகுகள், முடிஞ்சுது. ஒரு சண்டையும் வரேல்லை. எல்லாச் சண்டையும் வாலிலை வந்தது.

வாலிலை அசையிற துண்டுகள் இருக்கு. ஒண்டு நிமிந்து நிக்கும், அது வலம் இடம் திருப்பிறது. மற்றது படுத்துக் கிடக்கும், அது மேலை கீழை போறதுக்கு. இவர் அதுகளுக்கு இங்கிலீசிலை பேர் சொன்னார். அண்ணை ஒருக்கால் கேட்டிட்டு, "நிக்கிற சுக்கான், படுக்கைச் சுக்கான்" எண்டு பேர் வைச்சார். அதுக்குப் பேந்து இவரும் அப்பிடித்தான் சொன்னவர். மெல்லிய சட்டம் அடிச்சு, அதுக்கு மேலை சீலை போத்துத் தைக்கிறது. தைச்சது நான். பெட்டியோடை வந்த சீலையிலை பாதியைக் கப்பலிலையே எலி கடிச்சுப் போட்டுது. மிச்சத்தைப் பொருத்தி, கண் நோக நோகத் தைச்சன். தைச்சு முடிய அதுக்கு மேலை வார்னிஸ் மாதிரி ஒரு நெய் பூசுவினம். நாத்தமெண்டால் அப்பிடியொரு நாத்தம். மூண்டு நாளைக்கு மீன்குழம்பு மணக்கேல்லை. ஆனால் காயக் காயச் சீலை மத்தளத் தோல் மாதிரி இறுகி வந்தது. அதைத் தட்டிப் பாக்க எனக்குச் சந்தோசப் புளுகமாயிருந்தது. பொய் சொல்லக் கூடாது.

நிக்கிற சுக்கானைப் பூட்ட அண்ணை ஐயரிட்டை நல்ல நேரம் கேட்டு வந்தார். எங்கடை ஊரிலை எந்தக் கப்பலுக்கும் அப்பிடித்தான். தேங்காய் உடைச்சு, சந்தனம் பூசி, குங்குமம் வைச்சுத்தான் சுக்கான் ஏறும். என்ரை மனுசன் கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டவர், "வால் பாரமாயிருக்கக் கூடாது" எண்டு சொல்லி, சந்தனத்தை ஒரு துணியாலை துடைச்சார். அண்ணையின்ரை முகம் கறுத்துது. எண்டாலும் ஆணியையும் வளையத்தையும் கோத்துச் சுக்கானை ஏத்தினார். வளையம் ஆணியிலை வழுக்கி இறங்கின சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. உரசல் இல்லை, ஆட்டம் இல்லை. அவ்வளவு வடிவாய்ப் பொருந்திச்சுது.

பிறகு கம்பி. ஓட்டிறவர் இருக்கிற இடத்திலை காலுக்கு ஒரு குறுக்குக் கட்டை இருக்கு. அதிலையிருந்து ரெண்டு கம்பி, உடம்புக்குள்ளாலை போய், சுக்கானின்ரை ரெண்டு பக்கத்திலையும் பூட்டுப்படும். அண்ணை கம்பியை வாலிலை தன்ரை முடிச்சாலை இறுக்கிக் கட்டினார். இவர் ஏறியிருந்து வலது காலை உதைஞ்சார். சுக்கான் இடப்பக்கம் போச்சுது.

"மாறிப் போச்சு" எண்டார் இவர்.

"மாறேல்லை" எண்டார் அண்ணை. "சுக்கான்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"இது வள்ளமில்லை. படத்திலை இருக்கு, வலது கால் எண்டால் வலது பக்கம்."

"படம் கீறினவன் கடலுக்குப் போனவனோ? நீர் இந்த ஊரிலை பிறந்தனீர். அந்தரத்திலை உம்மடை கால் படத்தைப் பாக்காது. பழகினதைத்தான் செய்யும்."

"நான் பழகினது மாட்டு வண்டில், மச்சான். வலது கயித்தை இழுத்தால் மாடு வலப்பக்கம்தான் திரும்பும்."

அது உண்மைதான். இவரின்ரை தகப்பன் வண்டிலிலை சாமான் ஏத்தி ஊர் ஊராய் யாவாரம் செய்தவர். ஆனால் கப்பல் கட்டிறவனுக்கு முன்னாலை மாட்டு வண்டிலைக் கொண்டு வந்து நிப்பாட்டினது பிழை. அண்ணை சுத்தியலை வைச்சிட்டு என்ரை பக்கம் திரும்பினார். "உன்ரை மனுசனிட்டைச் சொல்லு, இனி நான் அவரோடை கதைக்கமாட்டன்."

இவர் அங்கைதான் நிக்கிறார். "உம்மடை அண்ணையிட்டைச் சொல்லும், நல்லம்" எண்டார்.

எங்கடை பக்கத்து ஆம்பிளையளுக்கு இது ஒரு வியாதி. கோவம் எண்டால் அடிக்கமாட்டினம், பிரிஞ்சு போகமாட்டினம். கதைக்கமாட்டினம். ஒரே முற்றத்திலை நிண்டு, ஒரே பானைச் சோறு திண்டுகொண்டு, வருசக்கணக்கிலை கதைக்காமல் இருப்பினம். நடுவிலை ஒரு பொம்பிளை நிண்டு சொல்லுக் காவித் திரிய வேணும். அண்ணை வேலைக்கு வராமல் விட்டவரோ? இல்லை. தொடங்கின வேலையை அரைகுறையாய் விட அவரின்ரை மனம் கேளாது. விடிய வருவார், பொழுதுபட மட்டும் நிப்பார், இவரோடை ஒரு சொல்லுக் கதையார்.

அப்ப படுக்கைச் சுக்கானைப் பூட்டின சீரைக் கேளுங்கோ. அது நீளமானது. ஒரு பக்கம் ஒராள் தூக்கிப் பிடிக்க, மற்றப் பக்கம் ஒராள் ஆணி கோக்க வேணும். நான் ஊசியும் கையுமாய் நடுவிலை.

"உன்ரை மனுசனிட்டைச் சொல்லு, அந்தப் பக்கத்தை ஒரு விரல் உயத்தட்டாம்."

இவர் கைக்கெட்டிற தூரத்திலை நிக்கிறார். காது ரெண்டும் நல்ல காது. எண்டாலும் நான் திரும்பி, "ஒரு விரல் உயத்தட்டாம்" எண்ட பிறகுதான் உயத்துவார்.

"உம்மடை அண்ணையிட்டைச் சொல்லும், இது தோணி இல்லை, போட்டு இடிக்க வேண்டாமெண்டு."

"மெல்லவாம், அண்ணை."

"நான் உளி பிடிக்கேக்கை உவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு இருந்தவர் எண்டு சொல்லு."

"சரியாம்" எண்டன்.

இப்பிடித்தான் படுக்கைச் சுக்கான் ஏறிச்சுது. ஏறினது நேராய்த்தான் ஏறிச்சுது. ரெண்டு பேரின்ரை கையும் நல்லாய்க் கதைச்சுதுகள், வாய் மட்டும்தான் பூட்டு. ஒருநாள் எனக்கு விசர் வந்து, "நான் என்ன தபால்காரியோ?" எண்டு ஊசியை எறிஞ்சுபோட்டுப் போயிட்டன். ஊசி சீலையிலை குத்திப் போச்சுது. பேந்து நானே வந்து அந்த ஓட்டையைத் தைச்சன்.

நிக்கிற சுக்கானின்ரை கம்பியைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, என்னட்டைக் கூட. எனக்கு அதுதான் பயம். காத்துப் பெலமாயடிக்கேக்கை, பறவை கத்தேக்கை, இவர் அந்த வாலோடை ஆகாயத்திலை போறது எனக்குக் கண்ணுக்கு முன்னாலை வரும். ஒருநாள் மத்தியானம் அண்ணை எங்கடை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் வீட்டிலை இல்லை. நான் சோத்தைப் போட்டுக்கொண்டே கேட்டிட்டன்.

"அண்ணை, பிழையான கம்பியோடை அவர் மேலை போய் விழுந்தால் என்ன செய்யிறது?"

"விழார்."

"ஐயாவும் வருவார் எண்டுதான் சொன்னவை."

எங்கடை ஐயா பர்மாவுக்கு அரிசி ஏத்தப் போன கப்பலுக்குத் தண்டையல். அவர்தான் அதை ஓட்டினவர். கப்பலும் வரேல்லை, ஆளும் வரேல்லை, ஒரு பலகைத் துண்டும் வரேல்லை. அம்மா பொட்டை அழிக்கமாட்டன் எண்டு சொல்லிப் போட்டு, கடைசி மட்டும் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தவ. வேறை கதை அவவுக்கு இல்லை.

"அம்மா கடலைப் பாத்தவ" எண்டன். "நான் ஆகாயத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவோ?"

அண்ணை கையைக் கழுவிப்போட்டு எழும்பினார். தட்டிலை மீன் அப்பிடியே கிடந்தது. அவர் மீனை மிச்சம் விட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

தென்மேற்காலை அடிக்கிற சோளகக் காத்து ஓயிற காலத்திலை ஒரு விடியக்காலமை வல்லை வெளிக்குக் கொண்டு போறது எண்டு முடிவாச்சுது. மரமில்லாத வெளி, ஒரு பக்கம் உப்பு நீர். செட்டையைக் கழட்டி ஒரு வண்டிலிலை, உடம்பை இன்னொரு வண்டிலிலை ஏத்தினம். உடுப்பிட்டிப் பக்கத்தாலை போகேக்கை, தண்ணி அள்ள வந்த ஒரு மனிசி, கோயில் வாகனம் போகுதெண்டு நினைச்சு, குடத்தை இறக்கி வைச்சிட்டுக் கும்பிட்டா. இவர் தொப்பியைக் கழட்டினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேணும். வரேல்லை.

வெளியிலை செட்டையைப் பூட்டி, வாலை ஒரு கயித்தாலை கட்டி, கயித்தை ஒரு முளையிலை சுத்தி வைச்சினம். எஞ்சின் நல்லாய்ச் சூடேறின பிறகுதான் கயித்தை விட வேணும். கயித்தைப் பிடிக்கிற ஆள் அண்ணை.

"உம்மடை அண்ணையிட்டைச் சொல்லும், நான் கையை உயத்தினவுடனை கயித்தை விடட்டாம்" எண்டார் இவர். நான் சொன்னன். "அவர் உயத்தினால் நீ எனக்குச் சொல்லு, நான் விடுறன்" எண்டார் அண்ணை. கையைப் பாத்துக் கயிறு விட்டாலும் கதைச்ச மாதிரியாம். கேட்டியளோ கூத்தை.

இவர் ஏற முந்தி என்னை ஒருபக்கம் கூப்பிட்டார். "இஞ்சாரும், பயப்பிடாதையும். உம்மடை அண்ணை மாறிக் கட்டின கம்பியை நான் அடுத்த நாளே மாத்திப் போட்டன். அவர் சாப்பிடப் போன நேரம், கால்கட்டைப் பக்கத்திலை கழட்டி மாத்தினனான். வாலிலை அவரின்ரை முடிச்சை நான் தொடேல்லை, பாத்தால் கவலைப்படுவார். அவரிட்டைச் சொல்லிப்போடாதையும்."

எனக்குப் பெரிய ஆறுதல். நெஞ்சிலையிருந்து ஒரு கல்லை இறக்கின மாதிரி. இவர் ஏறி இருந்தார். நான் அண்ணைக்குப் பக்கத்திலை போய் நிண்டன். எஞ்சின் இருமி இருமிப் பிடிச்சுது. அண்ணை கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, என்ரை காதுக்குள்ளை குனிஞ்சார்.

"பயப்பிடாதை. நீ அண்டைக்குச் சொன்ன பிறகு நான் போய்க் கம்பியை அவர் சொன்ன மாதிரி மாத்திக் கட்டிவிட்டன். வால் பக்கத்திலை. என்ரை முடிச்சை நானே அவிட்டன். அவரிட்டைச் சொல்லாதை."

ரெண்டு பேரும் பயப்பிடாதை எண்டு சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. என்ரை மனுசன் முன்னாலை மாத்தினார். அண்ணை பின்னாலை மாத்தினார். நான் பெரிய படிப்புப் படிச்சவள் இல்லை. ஆனால் ஒரு சீலையைத் திருப்பிப் போட்டு, பேந்தும் திருப்பிப் போட்டால் எந்தப் பக்கம் மேலை வரும் எண்டு எனக்குத் தெரியும். கம்பி பழையபடி வள்ளத்துச் சீருக்கு வந்து நிக்குது. முன்னாலை இருக்கிற மனுசன் மாட்டு வண்டில் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார்.

இவர் காலை உதைஞ்சு பாத்தார். சுக்கான் அசைஞ்சுது. திரும்பிப் பாத்து, அசையுது எண்டு தலையாட்டினார். எந்தப் பக்கம் அசைஞ்சது எண்டு ஆர் பாத்தது? பேந்து முன்னுக்குத் திரும்பி, கையை உயத்தினார்.

அண்ணை என்ரை முகத்தைப் பாத்தார். "என்னவாம்?"

கை ஆகாயத்திலை நிக்குது. எஞ்சின் கத்துது. 

"என்னவாமெடி?"

"விட வேண்டாமாம்" எண்டன்.

அண்ணை கயித்தை முளையிலை இன்னுமொரு சுத்துச் சுத்தினார். இவர் கையை ஆட்டுறார், மற்றக் கையையும் உயத்துறார், திரும்பிப் பாத்து வாயாலை ஏதோ சொல்லுறார். அண்ணை அசையேல்லை. கடைசியிலை இவர் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்தார். வந்த வரத்து நல்ல வரத்தில்லை.

"உம்மடை அண்ணைக்குக் கண் தெரியாதோ எண்டு கேளும்!"

"ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்க வேண்டாம்" எண்டு நான் கத்தினன். வெளி முழுக்கக் கேட்டிருக்கும். "நீங்களும் மாத்தினியள். அண்ணையும் மாத்தினார். ரெண்டு பேரும் சொல்லாதை சொல்லாதை எண்டு என்னட்டைச் சொன்னியள். போய்ப் பாருங்கோ இப்ப!"

ரெண்டு பேரும் என்னைப் பாத்தினம். பேந்து வாலைப் பாத்தினம். நான் சீலையைச் சொருகிக்கொண்டு அந்த இருக்கையிலை ஏறி இருந்தன். கால்கட்டை எனக்கு எட்டேல்லை. வழுக்கி இறங்கி, வலது காலாலை உதைஞ்சன்.

"வலது கால்!" எண்டு கத்தினன்.

"இடப்பக்கம்" எண்டு ரெண்டு குரலும் ஒண்டாய் வந்தது.

 நான் அதுக்குள்ளை இருந்து அழுதன். அவைக்கு முன்னாலை அழக் கூடாது எண்டுதான் அதுக்குள்ளை இருந்து அழுதன். இறங்கி வந்து பாத்தால், ரெண்டு பேரும் வாலுக்குக் கீழை குந்தியிருக்கினம். அண்ணை முடிச்சை அவிழ்க்கிறார், இவர் கம்பி நழுவாமல் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்.  மாத்திக் கட்டி முடிய, அண்ணை தானே போய் இருக்கையிலை ஏறி வலது காலை உதைஞ்சார். இறங்கி, பேந்தும் ஏறி உதைஞ்சார். திருப்தி வராமல் இடது காலையும் உதைஞ்சார்.

இவர் ஏறி எஞ்சினைத் துவக்கினார். இந்த முறை கை உயர, நான் "விடுங்கோ" எண்டன். அண்ணை விட்டார்.

அது ஓடிச்சுது. புழுதிக்குள்ளாலை, குலுங்கிக் குலுங்கி, கன தூரம் ஓடிச்சுது. பேந்து சக்கரத்துக்குக் கீழை வெளிச்சம் தெரிஞ்சுது. என்ரை மனுசன் நிலத்திலை இல்லை. ஐயோ கடவுளே எண்டு வாய் சொல்லுது, கண் மூட மறுக்குது. ஒரு பனை உயரம் போயிருப்பார். அந்த நேரம் பாத்து வெளிக்குக் குறுக்காலை ஒரு காத்து வந்து, மூக்கை இடப்பக்கம் தள்ளிச்சுது. இடப்பக்கம் தண்ணி.

நான் அண்ணையைப் பாத்தன். அண்ணை மேலை பாத்துக்கொண்டு நிக்கிறார். கீழை, மண்ணிலை, அவரின்ரை வலது கால் அமத்தி அமத்திப் பள்ளம் விழுத்துது. பிறந்த நாள் தொட்டு வள்ளத்திலை நிண்ட கால்.

"உன்ரை மனுசனிட்டைச் சொல்லு" எண்டார், மேலை பாத்தபடியே. "வலது கால். இன்னும் வலது கால் எண்டு சொல்லு."

"எப்பிடிச் சொல்ல? பறந்து போய்ச் சொல்லவோ?"

அண்ணை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடினார். நரைச்ச தலையோடை, அந்தப் புழுதிக்குள்ளை, மேலை பாத்துக்கொண்டு ஓடினார். "மச்சான்! வலது கால்! மச்சான்! வலது காலைக் குடும், மச்சான்!"

மூக்கு மெல்ல மெல்லத் திரும்பிச்சுது. தண்ணிக் கரையோடை போய், ஒரு அரைவட்டம் அடிச்சு, வெளிக்கு வந்து, தொப்பெண்டு விழுந்து, எழும்பி, பேந்தும் விழுந்து நிண்டுது. ஒரு சக்கரம் உடைஞ்சு தனியாய் உருண்டு போச்சுது.

நான் போய்ச் சேரேக்கை இவர் இறங்கி நிண்டவர். முகமெல்லாம் எண்ணெய். அண்ணை முழங்காலிலை கையை ஊண்டி மூச்சு வாங்கிறார். இவர் வழக்கப்படி என்னைப் பாத்தார்.

"உம்மடை அண்ணை கீழை நிண்டு என்னவோ கத்தினாரே. என்னவாம்?"

"எனக்குத் தெரியாது" எண்டன். "அவரையே கேளுங்கோ."

இவர் தொப்பியைக் கழட்டினார். திருப்பிப் போட்டார். பேந்தும் கழட்டினார்.

"என்ன மச்சான் சொன்னனீங்கள்?"

அண்ணை நிமிந்தார். பழக்கதோசத்திலை என்ரை பக்கம் திரும்பினவர், வாயைத் திறந்து, மூடி, பேந்து இவரைப் பாத்தார்.

"வலது கால் எண்டனான்."

"நான் வலது காலைத்தான் குடுத்தனான், மச்சான்."

"ஓம்" எண்டார் அண்ணை. "கண்டனான்."